குணம் கெட்டால் உடம்பு கெடுமா?

'பர்சனாலிட்டி' என்ற சொல் மொழிபெயர்ப்பாளரைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அகராதியைக் கேட்டால் 'ஆளுமை' என்கிறது. ஆளுமை என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருபவர் மேடையில் பொன்னாடை போர்த்தப்படும் பெரியவர். பேச்சுவழக்கில் 'நல்ல பர்சனாலிட்டி' என்றால் ஆறடி உயரமும் எடுப்பான மீசையும். உளவியல்காரர்கள் சொல்வது இந்த இரண்டையும் அல்ல. ஒருவர் பெரும்பாலான நேரங்களில் எப்படி நினைக்கிறார், எதற்குக் கலங்குகிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்பதைத்தான். அதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது: குணம். மருத்துவக் கட்டுரைகளை அடிக்கடி தமிழாக்கும் எனக்கு அதிலும் ஒரு தகராறு. 'அவர் குணம் அப்படி' என்கிறோம். 'ஜுரம் குணமாகிவிட்டது' என்றும் சொல்கிறோம். இயல்புக்கும் அதே சொல், நோய் நீங்குவதற்கும் அதே சொல்.

மொழியே இப்படி முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால், குணத்தால் நோய் வருகிறது என்று யாராவது சொன்னால் நாம் உடனே தலையாட்டிவிடுகிறோம். வாதம், பித்தம், கபம் என்று உடம்பையும் சுபாவத்தையும் சேர்த்தே பார்த்தது நம் வைத்தியம். கிரேக்கர்களும் அப்படித்தான், ஆங்கிலத்தில் ஏக்கத்துக்கு வழங்கும் 'மெலங்கலி' என்ற சொல்லுக்கே கரும்பித்தம் என்றுதான் பொருள். இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில், ஸ்டெதஸ்கோப்பும் இ.சி.ஜி.யும் வைத்துக்கொண்டு நடந்த கதை அப்படி ஒதுக்கத்தக்கதல்ல. அதன் விலையை நம் வீடுகளில் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1950-களில் சான் பிரான்சிஸ்கோவில் மேயர் ஃபிரைட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இருதய மருத்துவர்கள் சேர்ந்து கிளினிக் நடத்திவந்தார்கள். காத்திருப்போர் அறை நாற்காலிகளுக்குப் புது உறை போட வந்த தொழிலாளி ஒரு விஷயத்தைக் கவனித்தார். நாற்காலிகளின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. சாய்ந்து உட்காரும் பொறுமை அந்த நோயாளிகளுக்கு இல்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர்களுக்கு அப்போது அது உறைக்கவில்லை என்று பின்னாளில் ஃபிரைட்மனே எழுதினார். 1959-ல் இருவரும் 'டைப் ஏ' என்ற நடத்தை வகையை அறிவித்தார்கள். எப்போதும் அவசரம், எதிலும் போட்டி, சட்டென்று எரிச்சல். இவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது அவர்கள் வாதம். நிதானஸ்தர்கள் 'டைப் பி'.

வெறும் ஊகமாக அவர்கள் விடவில்லை. 1960-61-ல் கலிபோர்னியாவில் 39 முதல் 59 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து எட்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். டைப் ஏ ஆசாமிகளுக்கு இருதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருந்தது. 1974-ல் இருவரும் எழுதிய புத்தகம் பிரமாதமாக விற்றது. அவசரக்காரர்களுக்குப் பயிற்சிகள்கூட வகுத்தார்கள்: மெதுவாக ஓடும் வண்டித்தடத்தில் காரை ஓட்டு, கடையில் இருப்பதிலேயே நீளமான வரிசையாகப் பார்த்து நில். (நாம் இதை எந்த டாக்டர் சீட்டும் இல்லாமல் ரயில் டிக்கெட் கவுன்டரில் காலகாலமாகச் செய்துவருகிறோம். நமக்கு மாரடைப்பே வந்திருக்கக் கூடாது.)

பிறகுதான் சுருதி பேதம். மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் இந்தத் தொடர்பு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. 1988-ல் அந்தப் பழைய கலிபோர்னியப் பட்டியலையே எடுத்து, நோய் வந்து முதல் கண்டத்தைத் தாண்டியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தார்கள். டைப் ஏ ஆட்களே குறைவாக இறந்திருந்தார்கள். ஃபிரைட்மனே தன்னை டைப் ஏ என்று சொல்லிக்கொண்டவர். இருதய நோய் அவரையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் 2001-ல் இறந்தபோது அவருக்கு வயது 90.

விஞ்ஞானத்தில் ஒரு கருத்து வருவதும் போவதும் சகஜம். சகஜமல்லாத சங்கதி வேறொன்று. வழக்குகளின் விளைவாக அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் ரகசியக் கோப்புகள் வெளியே வந்தன. அவற்றைத் துருவிய ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, டைப் ஏ ஆராய்ச்சிக்குப் பல பத்தாண்டுகளாகப் புகையிலைப் பணம் பாய்ந்திருக்கிறது. ஃபிரைட்மன் பெயரில் நடந்த நிறுவனத்துக்கு பிலிப் மோரிஸ் கம்பெனி நிதி கொடுத்திருக்கிறது. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. மாரடைப்புக்குக் குற்றவாளி மனிதனின் குணம் என்றால், அவன் விரலிடுக்கில் புகையும் பொருள் சாட்சிக் கூண்டோடு தப்பிவிடலாம்.

லண்டனில் இதைவிட மோசம். குண ஆராய்ச்சியின் பெரும்புள்ளிகளில் ஒருவர் ஹான்ஸ் ஐசென்க். உணர்ச்சிகளை அடக்கிவைப்பவர்களுக்கே புற்றுநோய் வரும், சிகரெட்டைவிடக் குணமே பெரிய ஆபத்து என்ற ரீதியில் ஜெர்மனியில் இருந்த சகா ஒருவருடன் சேர்ந்து கட்டுரைகளாக எழுதித் தள்ளினார். அவரும் சிகரெட் கம்பெனிகளிடம் பணம் பெற்றவரே. ஐசென்க் 1997-ல் இறந்தார். அவர் பணியாற்றிய கிங்ஸ் கல்லூரி நடத்திய விசாரணை 2019-ல் அவருடைய 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று சொன்னது. அதற்குள் எத்தனை நோயாளிகளிடம் 'நீ மனசுக்குள்ளேயே புழுங்கியதால் வந்த வியாதி' என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். புற்றுநோயோடு பழியையும் சேர்த்துச் சுமந்திருப்பார்கள்.

இதெல்லாம் எனக்கு மொழிபெயர்ப்பு விவகாரமாகவே இருந்திருக்கும், அண்ணனுக்கு அந்த வருடமே மாரடைப்பு வராதிருந்தால். அவர் டோம்பிவிலியில் இருக்கிறார். தினமும் மும்பை லோக்கலில் தொங்கிக்கொண்டு போய் வருகிற உத்தியோகம். கோபம் மூக்குக்கு மேல். ஒரு நாளைக்கு இருபது சிகரெட். வயது 49. ஸ்டென்ட் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். பார்க்க வந்த ஆபீஸ்காரர்கள், மாட்டுங்கா உறவினர்கள், எதிர் ஃபிளாட்காரர் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். "இவருக்கு வராம வேற யாருக்கு வரும்? எதுக்கெடுத்தாலும் கத்தறது." இளம் டாக்டர் ஒருவரும் சிரித்துக்கொண்டே "டிபிகல் டைப் ஏ" என்றார். சிகரெட் பற்றி டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒரு வரி இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அண்ணனுக்கு இந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போய்விட்டது. "கோபம்தானே காரணம்? இனிமே கோபப்பட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் பால்கனியில் புகை. கேட்டால், "டென்ஷன் குறையத்தான்" என்றார். கோபப்படாமல் இருப்பதற்காகவே பிடிக்கிறாராம். பிலிப் மோரிஸ் இதைவிட நல்ல விற்பனையாளரைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

கோபத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவரவில்லை. கடும் கோபத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்வதாக 1995-ல் ஓர் ஆய்வு காட்டியது. டைப் ஏ கலவையில் கெடுதல் செய்வது அவசரமல்ல, மனிதர்கள்மீது ஓயாத பகைமையும் வன்மமுமே என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் எது எவ்வளவு என்ற கணக்கு வேண்டாமா? 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் மாரடைப்புக்கான ஒன்பது காரணங்கள் அகப்பட்டன. மன உளைச்சலும் அதில் ஒன்று. முதலிரண்டு இடங்கள் ரத்தக் கொழுப்புக்கும் புகைபிடித்தலுக்கும். அதே ஆய்வை ஒட்டி 2007-ல் வெளியான இன்னொரு தகவல் நம்மைப் பற்றியது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53, மற்றவர்களுக்கு 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம். மாரடைப்புக்குப் பிறகு சிகரெட்டை விட்டவர்களின் மரண அபாயம் விடாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கு ஈடு சொல்ல அநேக மாத்திரைகளால் முடியாது.

அப்படியானால் குணம் என்பது வெறும் பேச்சா? இல்லை. 1936-ல் கார்டன் ஆல்போர்ட் ஒரு சக ஆய்வாளருடன் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதர்களை விவரிக்கும் சொற்களாக 18,000 வரை பொறுக்கினார். அந்த மலையைக் காய்ச்சி வடிகட்டி, பின்வந்தவர்கள் ஐந்து குணங்களில் நிறுத்தினார்கள். தமிழாக்கத்தில் இந்த ஐந்தும் ஐந்து தலைவலி. 'நியூராட்டிசிசம்' எளிதில் கலங்கும் சுபாவம். அதை அகராதி பார்த்து 'நரம்புத் தளர்ச்சி' என்று போட்டால் வாசகர் லாட்ஜ் வைத்தியர் விளம்பரம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். 'கான்ஷியன்ஷியஸ்னெஸ்' இன்னும் மோசம். அவசரப்பட்டால் மனசாட்சியில் போய் முட்டிக்கொள்ளும். சொன்ன நேரத்துக்கு வருவது, எடுத்ததை முடிப்பது, பின்விளைவை யோசிப்பது எல்லாம் அதில் அடக்கம். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் 'சிரத்தை' இதற்குப் பொருந்துகிறது.

ஆயுளோடு மெய்யாகவே தொடர்பு காட்டுவது இந்தச் சிரத்தைதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1921-ல் தொடங்கி 1,500-க்கு மேற்பட்ட சூட்டிகையான குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டு எழுதிவைத்தார். அந்தக் குழந்தைகள் வளர்ந்து கிழமாகி மறைந்த பிறகு, ஹோவார்டு ஃபிரைட்மன் என்பவர் (முன்னவருக்கு உறவல்ல) இறப்புச் சான்றிதழ்களைத் தேடி ஒப்பிட்டார். சிரத்தையான குழந்தைகள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். எப்போதும் குதூகலமாக இருந்தவர்கள் சற்று முந்தியே போய்விட்டார்கள்! சிரித்து வாழ்ந்தால் நூறு வயது என்று வாழ்த்து அட்டை எழுதுகிறவர்களுக்கு இது கசக்கும். சிரத்தைக்காரர்கள் குறைவாகக் குடித்தார்கள், குறைவாகப் புகைத்தார்கள், நிலையான வேலையிலும் குடும்பத்திலும் இருந்தார்கள். குணம் மந்திரம் போல ரத்தக்குழாயில் இறங்கிவிடவில்லை. தினசரி செய்கிற அற்பக் காரியங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் இறங்குகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதும் முழு உண்மையல்ல. வயது ஏற ஏறச் சராசரி மனிதருக்குச் சிரத்தை கூடுகிறது, கலக்கம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தக் கட்டுரைகளைத் தமிழாக்கியபோது அண்ணி ஒரு நாள் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "பாருங்க தம்பி, இந்த மனுஷன் ரயில் பாஸ்லேர்ந்து கொத்தமல்லிக்கட்டு வரைக்கும் டைரியில கணக்கு எழுதுவார். எல்.ஐ.சி. பிரீமியம் ஒரு நாள் தவறினதில்ல. சிகரெட் கணக்கு மட்டும் அதுல வராது." கோபக்காரர் என்ற முத்திரைக்கு அடியில் ஒரு சிரத்தைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. சிகரெட்டுக்கும் ஒரு பத்தி போடச் சொல்லி அண்ணியிடம் சொன்னேன். அவரே கோடு கிழித்துக் கொடுத்தாராம். முதல் வாரம் 14, 15 என்று ஓடியது. எழுதுவதற்காகவே ஒன்றிரண்டைத் தவிர்க்கத் தொடங்கினார். நாலைந்து மாதத்தில் மூன்றுக்கு இறங்கி, கணபதி உற்சவத்தில் பழைய நண்பர்களோடு சேர்ந்து மறுபடி பத்துக்கு ஏறியது. 2020-ல் ஊரடங்கு வந்து பெட்டிக்கடை மூடியதும்தான் பூஜ்யம் விழுந்தது. கடை மூடியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பார். அந்தப் பத்தியில் இன்னும் ஒவ்வொரு நாளும் பூஜ்யம் போடுகிறார்.

கோபம் அப்படியே இருக்கிறது. போன மாதம் போனில் பேசியபோது, சொசைட்டி செயலாளரோடு தண்ணீர்த் தொட்டி விஷயமாக நடந்த சண்டையை முக்கால் மணி நேரம் விவரித்தார். செயலாளர் என்ன பதில் சொன்னார் என்ற கட்டம் வந்தபோது, "இரு, மாத்திரை நேரம்" என்று போனை வைத்துவிட்டார்.