குசினியில் விழுந்த நிழல்

ஞாயிறு இதழின் குடும்பப் பக்கம் பல ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. குறைந்த செலவில் குசினியை அழகுபடுத்துவது எப்படி என்பது பற்றி மட்டும் ஏழெட்டுக் கட்டுரைகளையேனும் அப்பக்கத்தில் வெளியிட்டிருப்பேன். ஆட்பற்றாக்குறை காரணமாக அவற்றுட் பலவற்றை நானே, ஆங்கிலச் சஞ்சிகைகளைத் தழுவி, பெண் பெயர் ஒன்றில் எழுதினேன். கருங்கல் மேடை, கண்ணாடிக் கதவிட்ட அலுமாரி, யன்னலோரம் துளசிச் செடி... பாராட்டிக் கடிதங்களும் வந்தன! அக்கட்டுரைகளை எழுதியவருக்குத் தம் சொந்த வீட்டில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்பது தெரியாது என்ற உண்மை, 2024 ஜனவரியில் ஒரு மாலைப்பொழுதில்தான் வெளிப்பட்டது.

அன்று மேல் அலுமாரியில் இருந்த அரிசி ரின்னை எடுப்பதற்காக என் மனைவி பிளாஸ்டிக் முக்காலி ஒன்றின் மேல் ஏறினார். முக்காலி சரிந்தது. வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரங்களுக்குக் கையை அசைக்கக்கூடாது என்று வைத்தியர் கட்டுப்போட்டு அனுப்பினார். இரவு வீடு திரும்பியதும் கஞ்சி வைக்கலாம் என்று குசினிக்குள் நுழைந்தேன்.

"உப்பு எங்கை இருக்கு?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"பதினெட்டு வருசமா வைச்ச இடத்திலைதானப்பா இருக்கு" என்றார்.

வெள்ளவத்தையில் நாங்கள் இந்தச் சிறிய மாடிவீட்டுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதை அந்தப் பதிலில் இருந்தே கணக்கிட்டுக்கொண்டேன்.

அந்த ஆறு வாரங்களில் நான் கற்றவை, குடும்பப் பக்கத்தில் எழுதிய எதிலும் இருக்கவில்லை. எங்கள் குசினி ஆறடி அகலம், பதினொரு அடி நீளம். நடு முகட்டில் ஒற்றை மின்குமிழ். மேடையோ சுவரோரமாக இருக்கிறது. ஆகவே, மேடை முன் நிற்பவரின் முதுகில் வெளிச்சம் விழும். அவருடைய நிழல் வெங்காயம் வெட்டும் பலகையின் மேல் விழும். இரண்டாம் நாளே விரலை வெட்டிக்கொண்டேன்.

"இந்த இருட்டுக்குள்ளையா இவ்வளவு காலமும் வெட்டினீர்?"

"கை பழகிட்டுது. பிறகென்னத்துக்குக் கண்?"

அடுத்தது மேடையின் உயரம். மூன்றடி. ஐந்தடி எட்டங்குலம் உள்ள எனக்கு அது வாய்ப்பாக இருந்தது. ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவான என் மனைவி அதில் மரக்கறி வெட்டுவதற்குத் தோளை உயர்த்தியே நிற்கவேண்டும். வேலை செய்யும் மேடை நிற்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்கவேண்டும் என்பது கட்டடக்கலைப் பாடத்தின் அரிச்சுவடி. பல ஆண்டுகளாக அவருடைய தோள்மூட்டு வலிக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தவன் நான். மேடையை ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை.

சுவர்களின் கோலம் வேறு கதை. 2021 இறுதியில் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடித்ததும், 2022இல் சிலிண்டரே கிடைக்காமல் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதும் இலங்கையில் இருந்தவர்களுக்கு மறக்காது. நாங்களும் பின்பக்கத்துச் சிறு பல்கணியில் மூன்று கல் வைத்து விறகு எரித்தோம். கடற்காற்று அந்தப் புகை முழுவதையும் குசினிக்குள் தள்ளிவிட்டது. எரிவாயு திரும்பி வந்தபோது பெயின்ற் விலை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் 2020இலிருந்தே சுவரில் பதிக்கும் ரைல்ஸும் அருமையான பொருளாகி இருந்தது. சுவர் கறுத்தபடியே கிடந்தது.

மனைவியின் கைக்கட்டை அவிழ்த்த வாரத்தில் குசினியைத் திருத்துவது என்று முடிவெடுத்தேன். குற்ற உணர்வில் எடுக்கும் முடிவுகள் எப்போதும் செலவு மிக்கவை! அலுமாரி அமைத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றை அழைத்தேன். ஓர் இளைஞர் வந்து அளந்து, கணினியில் வரைந்த வண்ணப்படம் ஒன்றை அனுப்பினார். ஏழு இலட்சத்து இருபதாயிரம் ரூபா. கடன் எடுத்தாவது செய்துவிடலாம் என்று எண்ணியபடி படத்தை மனைவியிடம் காட்டினேன். நான் எழுதிய கட்டுரைகளுக்கு வைக்கத் தகுந்த படம்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வடிவா இருக்கு. ஆனால் யன்னலிலை பாதியை மறைச்சுப்போட்டாங்களப்பா."

முகடு வரை உயர்ந்த அலுமாரி ஒன்று யன்னலின் அரைவாசியை விழுங்கியிருந்தது. எனக்கு அது தென்படவே இல்லை.

யன்னல் என்ற சொல் என்னை உரும்பிராய்க்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் வீட்டின் அடுப்படி, யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றைப் போல, பின்வளவில் தனியாக இருந்தது. அம்மா அதனை ஒரு சதமும் செலவில்லாமல் அழகாக வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் சாணத்தால் மெழுகிய தரை. மெழுகிய அடுப்பின் மேல் அரிசிமாக் கோடு. பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாய். ஆனால் சுவர்கள் கரி. புகை போவதற்குக் கூரையோரத்துச் சந்தைத் தவிர வேறு வழியில்லை. "மேற்குப் பக்கத்திலை ஒரு யன்னல் வைச்சால் நல்லது" என்று அம்மா சொல்லாத ஆண்டே இல்லை. அவருடைய கண்கள் எப்போதும் சிவந்திருக்கும்.

பத்திரிகையில் சேர்ந்து ஓரளவு பணம் சேர்ந்தபோது வீட்டுக்கு ஏதேனும் செய்ய விரும்பினேன். முன் விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து பூசுவித்தேன். முகம் தெரியும்படி மினுங்கியது. வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். அம்மாவும் புகழ்ந்தார். யன்னலைப் பற்றி அந்த ஆண்டு அவர் எதுவும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. நாங்களும் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது, விறாந்தைச் சீமெந்து அப்படியே இருந்தது. அடுப்படியின் மேற்குச் சுவரை ஷெல் திறந்திருந்தது. அதனூடாகப் பின்னேர வெயில் அடுப்பு வரை வந்து கிடந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "யன்னல் வந்திட்டுது" என்றார். சிரித்தாரா என்பதை நான் பார்க்கவில்லை. அந்தத் துவாரத்தைச் செப்பனிட்டு, பழைய நிலை ஒன்று வாங்கி, அதே இடத்தில் யன்னல் பொருத்தினோம். எட்டு ஆண்டுகள் அதன் அருகில் நின்று சமைத்தார்.

அந்த வண்ணப்படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

குடும்பப் பக்கத்துக்காக ஒருகாலத்தில் படித்து, வாசகர்களுக்கு ஏற்காது என்று ஒதுக்கிவைத்த விடயம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் ஜேர்மனியில் பெரும் வீட்டுப் பஞ்சம். பிராங்க்பேர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மை என்ற கட்டடக்கலைஞரின் தலைமையில் மலிவு வீடுகள் கட்டப்பட்டபோது, அவற்றுக்கான குசினியை 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற வியன்னா நகரத்துப் பெண் வடிவமைத்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். ஏறக்குறைய எங்கள் குசினியின் அளவு! அதே குசினி ஏறத்தாழ 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. யன்னலுக்கு நேரே வேலைப் பலகை. அதன் முன் இருந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. வேண்டிய இடத்துக்கு நகர்த்தக்கூடிய முகட்டு விளக்கு. அரிசி, பருப்பு போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். சுவரலுமாரிகளுக்கு நீலமும் பச்சையும் கலந்த நிறம். ஈ அந்நிறத்தை நாடாது என்பது அக்காலத்து எண்ணம். நாசிகளை எதிர்த்துச் சிறை சென்ற இவ்வம்மையார், 2000ஆம் ஆண்டில் 102 வயதில் காலமானார். அந்தக் குசினியை வரைந்த காலத்தில் தமக்குச் சமைத்துப் பழக்கம் இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அது பெரும் ஆறுதல். ஆயினும் அவர் ஆய்வுகளைப் படித்தார். ஒரு பெண் குசினிக்குள் எத்தனை அடி நடக்கிறாள், எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று கணக்கிட்டார். நான் பதினெட்டு ஆண்டுகள் விறாந்தையில் இருந்து பத்திரிகை படித்தேன்.

அந்தக் குசினியில் குறையும் உண்டு. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அளவில் அமைத்து, குடும்பத் தலைவியைத் தனியே அடைத்துவிட்டது என்று பின்வந்த பெண்ணியர்கள் கண்டித்தார்கள். நியாயமான கண்டனம். எங்கள் குசினியிலும் இருவர் நின்றால் முழங்கை இடிக்கும்.

இனி, எங்கள் வேலைக்கு வருவோம். முதல் நாள் முழுவதும் வெளியேற்றல். பழுதான சோறு சமைக்கும் இயந்திரங்கள் இரண்டு, திருமணப் பரிசாக வந்து பெட்டி பிரிக்காத பீங்கான் தொகுதி, மூடியில்லாத டப்பாக்கள், டப்பாவில்லாத மூடிகள். பாதி குசினி காலியானது. ஒரு சதமும் செலவில்லை. அடுத்து, மேல் அலுமாரியைக் கழற்றிவிட்டு, என் மனைவி கையை நீட்டி எட்டும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தேன். அன்றாடம் வேண்டிய எதுவும் அந்தக் கோட்டுக்கு மேலே போகக்கூடாது என்பது நிபந்தனை. அந்த அளவில் ஒரே ஒரு இறாக்கை. திறந்த இறாக்கைகள் சஞ்சிகைப் படங்களில் அழகாக இருக்கும். நாங்கள் மிளகாய் வறுத்து, கடுகு தாளித்துச் சமைப்பவர்கள். நாளாந்தம் எடுத்துக் கழுவாத பாத்திரத்தில் எண்ணெயும் தூசும் பிசினாய்ப் படிந்துவிடும். ஆகவே ஒன்றுடன் நிறுத்தினோம். கடலோரத்தில் இருப்பதால் இரும்புத் தாங்கிகள் ஒரே ஆண்டில் துருவேறும். சற்று விலை கூடினாலும் துருப்பிடிக்காத உருக்கில் வாங்கினோம்.

இறாக்கையின் கீழ்ப்புறத்தில் ஒரு நீள எல்.ஈ.டி. விளக்கு. வெளிச்சம் இப்போது நிற்பவருக்கு முன்னால் இருந்து பலகையில் விழுகிறது. விளக்கு 4,200 ரூபா, மின்னியலாளருக்கு 3,500. இந்த 7,700 ரூபாவைச் செலவிட எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் எடுத்தன.

சுவர் பூசுவதில் ஓர் எச்சரிக்கை. புகைக்கரியின் மேல் நேரே பெயின்ற் அடித்தால், எத்தனை பூச்சுக் கொடுத்தாலும் மஞ்சளாய்க் கசிந்து மேலே வரும். சலவைச் சோடா கலந்த சுடுநீரால் தேய்த்துக் கழுவி, நன்கு உலரவிட்டு, கறையை அடைக்கும் அடிப்பூச்சு ஒன்று கொடுத்தபின்னரே நிறம் பூசவேண்டும். நான் வெள்ளை என்றேன். "மஞ்சள் கறையை ஆர் துடைக்கிறது?" என்று கேட்டார். இளமஞ்சள் பூசினோம். அடுப்புக்குப் பின்புறச் சுவருக்கு, கடையொன்றில் மிஞ்சிக் கிடந்த ரைல்ஸ் பாதி விலையில் கிடைத்தது. நாலு விதமான பச்சை. எந்த நிறத்திலும் ஒரு சுவருக்குப் போதாது. அவற்றை முன்னறைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கி, இருவரும் இரவு பதினொரு மணி வரை விளையாடினோம் என்றே சொல்லவேண்டும்.

எல்லாவற்றிலும் கூடிய செலவு யன்னலோரத்துப் பலகைக்கு. இடித்த பழைய வீடு ஒன்றின் பலாமரக் கதவு விற்பனைக்குக் கிடைத்தது. தச்சர் அதனை இரண்டரை அடி உயரத்தில், வேண்டாதபோது கீழே மடித்துவிடக்கூடியதாகச் சுவரில் பொருத்தினார். மரத்துக்கும் கூலிக்கும் 19,000. உட்கார ஒரு முக்காலி. இம்முறை மரத்தில், சரியாதது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் நிலையத்தில் வாங்கிய ஓலைப்பெட்டிகள். காற்றோட்டத்துக்கு நல்லவை, ஆனால் தண்ணீர்த் தொட்டியை விட்டுத் தள்ளி வைக்கவேண்டும், இல்லாவிடில் பூஞ்சணம் பிடிக்கும். உரும்பிராயில் எஞ்சிய மூக்குப்பேணி இறாக்கையில் கரண்டிகளைத் தாங்கி நிற்கிறது. மொத்தச் செலவு 57,200 ரூபா.

வீட்டுக்கு வருபவர்கள் இப்போது குசினி வரை எட்டிப் பார்க்கிறார்கள். பச்சைச் சுவரையும் பலாப் பலகையையும் புகழ்கிறார்கள். காலை ஆறரை மணிக்கு என் மனைவி அந்த முக்காலியில், யன்னல் வெளிச்சத்தில் இருந்து கீரை ஆய்கிறார். பக்கத்துச் சந்தில் யார் யார் போகிறார்கள் என்பது இப்போது அவருக்கு அத்துப்படி. தேநீரும் காலைச் சம்பலும் என் பொறுப்பு. முழங்கை இடிக்கத்தான் செய்கிறது.

சரக்குத் தூள்களுக்கு ஒரே அளவான பழைய ஜாம் போத்தல்கள் பதினாறு சேர்த்து, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் பெயர் ஒட்டினேன். அந்தப் பெயர்கள் யாருக்காக என்று மனைவி கேட்கவில்லை. சென்ற வாரம் வந்த அவருடைய தங்கைதான் ஒரு போத்தலை முகர்ந்து பார்த்துவிட்டு, "அத்தான், நற்சீரகம் எண்டு எழுதி வைச்சிருக்கிறீங்கள், உள்ளுக்கை பெருஞ்சீரகமெல்லோ?" என்று கேட்டார்.

மனைவி யன்னலைப் பார்த்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாலு மாதமாக அவருக்குத் தெரியுமாம்.