ஊரை விட்டுப் போன பானம்

2018ஆம் வருஷக் கோடை விடுமுறையில் வட இங்கிலாந்திலுள்ள நியூகாஸில் பட்டணத்துக்கு நாம் சென்றது, டைன் நதியின் பாலங்களைப் பார்ப்பதற்காகத்தான். மதுபானத்தைப் பற்றி எழுத நேரும் என்று சொப்பனத்திலும் நினைக்கவில்லை. மதுவிலக்கைப் பற்றி வருஷந்தோறும் பிள்ளைகளை வியாசம் எழுதச் சொல்லுகிற உபாத்தியாயர் நாம். ஆகையால் நேயர்கள் புருவத்தை நெரித்தால் அது நியாயமே.

நமக்கு ஊரைக் காட்டியவர் அங்கேயே பிறந்து வளர்ந்த முதியவர். அவரும் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். "எங்கள் பழுப்பு ஏலை ஒரு வாயாவது சுவைக்காமல் போகலாமா?" என்றார். விருந்தாளியின் தர்மம் ஒரு பக்கமும் வியாசத்தின் தர்மம் மறுபக்கமும் இழுத்தன. கடைசியில் விருந்தாளி ஜயித்தான்.

புட்டி வந்தது. அதன் மேல் நீல நட்சத்திரம். நட்சத்திரத்துக்குள் நகரத்தின் தோற்றம். அதன் ஐந்து முனைகளும், ஆதியில் ஒன்றுசேர்ந்த ஐந்து மதுச்சாலைகளைக் குறிக்குமாம். பெரிய கிளாஸில் ஒரேயடியாக ஊற்றுவது அவ்வூர் வழக்கமன்று. சிறிய கிளாஸில் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றி, நுரை அடங்காமல் பார்த்துக் கொள்கிறார்கள்.

வர்ணம், கருப்பட்டிப் பாகை நீரில் கரைத்தாற்போன்ற செம்பழுப்பு. முகர்ந்தால் வறுத்த தானியத்தின் வாசனை. நாவில் முதலில் மெல்லிய இனிப்பு. பிறகு வறுத்த கொட்டையின் ருசி. முடிவில் கசப்பு எட்டிப் பார்த்துவிட்டு உடனே மறைந்தது. பார்லியை முளைகட்டி உலர்த்தும்போது அதில் ஒரு பகுதியைச் சற்று அதிகமாக வறுப்பதால் வர்ணமும் பாகு ருசியும் உண்டாகின்றன. கசப்பைத் தரும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவை இதில் குறைவாகவே சேர்ப்பார்கள். 1902இல் லண்டனில் தோன்றிய மான்ஸ் பழுப்பு ஏல் இதைவிட இனிப்பு. அதில் மதுசாரம் நூற்றுக்கு 2.8 பங்குதான். வடக்கத்திய ஏலில் 4.7 பங்கு.

"நூற்றுக்கு அறுபது மார்க்" என்றோம். முதியவர் சிரிக்கவில்லை. "மார்க் சரிதான். ஆனால் இது எங்கள் ஊரில் காய்ச்சியதல்லவே!" என்றார்.

பிறகு கதையைச் சொன்னார். 1927இல் ஜிம் போர்ட்டர் என்பவர் இந்த ஏலை இவ்வூரில் வெளியிட்டார். மறுவருஷமே லண்டன் கண்காட்சியில் அது பரிசு பெற்றது. டைன் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1928இல்தான். 2000இல் ஐரோப்பிய யூனியன், நியூகாஸிலில் காய்ச்சிய ஏலுக்கே அப்பெயர் உரியது என்று பாதுகாப்பு அளித்தது. ஆனால் 2005இல் உடையவர்களே இவ்வூர் மதுச்சாலையை மூடி, நதிக்கு அக்கரையிலுள்ள கேட்ஸ்ஹெட்டுக்குப் போனார்கள். அக்கரை வேறு ஊராயிற்றே! தாங்கள் பெற்ற பாதுகாப்பைத் தாங்களே ரத்து செய்யும்படி கேட்க வேண்டியதாயிற்று. 2007இல் அது ரத்தாயிற்று. 2010இல் ஏல் யார்க்ஷயருக்குப் போயிற்று. 2017இல் கடல் கடந்து நெதர்லாந்திலும் அதைக் காய்ச்சத் தொடங்கினார்கள்.

மாலையில், கால்பந்து மைதானத்துக்கு அருகே பழைய மதுச்சாலை இருந்த இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பல்கலைக்கழகத்தின் புதிய கட்டடம் நின்றது. "சிறு பிள்ளையாக இருந்தபோது, காற்று இப்படி அடித்தால் தானியம் கொதிக்கிற வாசனை வீட்டுக்குள் வரும்" என்று சொல்லி, மூச்சை உள்ளே இழுத்தார். நாமும் இழுத்தோம். மழை ஈரத்தின் மணம்தான் வந்தது.

மறுவருஷம், 2019இல், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பத்திரிகையில் படித்து மிகவும் சந்தோஷப்பட்டோம். கூடவே அந்த முதியவரின் ஞாபகமும் வந்தது. பிறர் நம் ஊர்ப் பெயரைத் திருடாமல் சட்டம் காக்கும்; உடையவரே ஊரை விட்டுப் புறப்பட்டால், அவரைப் பிடித்து நிறுத்த அதனால் இயலாது.