மருந்து பாட்டிலும் ஆயாவின் டம்ளரும்

கரண்ட் போனால் இப்போதெல்லாம் நாம் முதலில் தேடுவது செல்போனைத்தான். அதிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டால்? வீட்டில் இருப்பதை வைத்து ஒரு விளக்கு செய்ய உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதைதான் இது.

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு மரங்கள் சாய்ந்தன, கூடவே ஒரு கரண்ட் கம்பமும். மின்சாரம் வர ஐந்து நாள் ஆனது. பழைய நோட்டுகள் செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம்மில் பணம் இல்லை, கையில் சில்லறை இல்லை. கேம்ப் ரோடு வரை நடந்துபோன அப்பா, மெழுகுவர்த்தி கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினார்.

இரண்டாம் நாள் இரவு, விஞ்ஞானி நான் களத்தில் இறங்கினேன். காலியான இருமல் மருந்து பாட்டில், தகர மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை, பழைய பனியன் துணியில் திரி, உள்ளே ரேஷன் மண்ணெண்ணெய். பற்றவைத்ததும் ஜம்மென்று எரிந்தது! பெருமை தாங்கவில்லை. வெளிச்சம் பரவட்டும் என்று புத்தக அடுக்கின் மேல் வைத்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் முழங்கை இடித்தது. பாட்டில் விழுந்து, உருண்டு, மூடி கழன்று, மண்ணெண்ணெய் போன வழியெல்லாம் நெருப்பும் போனது. ஆயா வாசலில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துப் போட்டு அமுக்கினார். நெருப்பு அணைந்தது. ஆனால் அவருடைய இடது கை வெந்துபோனது.

மறுநாள் கையில் கட்டோடு ஆயாவே விளக்கு செய்தார். அடி கனமான கண்ணாடி டம்ளரில் முக்கால் பாகம் தண்ணீர். அதன் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய். ஒரு தகரத் துண்டை வளைத்து, விளிம்பில் மாட்டி, அதில் பஞ்சுத் திரி. என்னைத் திட்டவே இல்லை. "வெளக்கு உக்காரணும்டா, நிக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் புரிந்தது. திரியில் எரிவது எண்ணெயின் ஆவி. மண்ணெண்ணெய் சுமார் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகிவிடும். நல்லெண்ணெய்க்கு 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால் டம்ளர் கவிழ்ந்தாலும் எண்ணெயும் தண்ணீரும் கொட்டி, பெரும்பாலும் சுடர் அணைந்துவிடும். எண்ணெய் தீர்ந்தால் திரி தானாக அணையும்.

1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தது. மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெயும் அரிது. அங்கே ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்தார்கள். அந்தச் சின்னச் சுடரில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அதே இலங்கையில் விஜய கொடகும்புர என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், என்னுடையதைப் போன்ற போத்தல் விளக்குகள் கவிழ்ந்து வெந்துபோனவர்களுக்குச் சிகிச்சை அளித்து வந்தார். குட்டையான மார்மைட் போத்தலைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. கனமான கண்ணாடி, உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை, திருகு மூடி. அவருடைய 'சுதீப' விளக்குக்கு 1998இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆயாவின் குரல்தான் கேட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் கும்மிருட்டு. செல்போன் டார்ச்சின் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தால் வெளிச்சம் அறை முழுக்கப் பரவும், அதில் சில மணி நேரம் ஓட்டினோம். சார்ஜ் தீர்ந்ததும் நான் டம்ளரை எடுத்தேன். தண்ணீர், எண்ணெய், தகரம், திரி. தரையில், சுவரோரமாக வைத்தேன்.

ஆயா கிட்டே வந்து பார்த்தார். தழும்புள்ள கையால் டம்ளரை லேசாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"ம்" என்றார். இதுவரை நான் வாங்கிய மார்க்கிலேயே பெரியது அதுதான்.