48 வயதில் ஒரு ராக்கெட்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போகிற ராக்கெட் பற்றிய கட்டுரை இல்லை. டென்னிஸ் ராக்கெட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்வது? பேப்பர்காரர்கள் 'டென்னிஸ் மட்டை' என்று எழுதுவார்கள். செங்கல்பட்டுக் கடைகளில் 'பேட்' என்று கேட்டால்தான் புரியும். பெயர் எதுவானாலும் விலை ஜாஸ்தி. தப்பாக வாங்கினால் கை போய்விடும்.

அப்படிக் கை போன ஒருவரின் கதைதான் இது.

அவருக்கு வயது 48. செங்கல்பட்டில் வீடு, வங்கியில் வேலை. சென்னையில் பி.காம் படித்தபோது கல்லூரி டென்னிஸ் அணியில் இருந்தவர். படிப்பு முடிந்தது 1997-ல். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் ஏடிபி போட்டி முதன்முதலாக வந்ததும் அதே வருடம்தான். கேலரியில் உட்கார்ந்து பார்த்தார், அதோடு சரி. வேலை, கல்யாணம், டிரான்ஸ்ஃபர், வீட்டுக் கடன்... ராக்கெட் பரணுக்குப் போய்விட்டது.

ஒரு நாள் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக் கோட்டைத் தொட்டு நின்றது. டாக்டர் நடக்கச் சொன்னார். கொளவாய் ஏரிப் பக்கம் பத்து நாள் நடந்தார், பதினோராவது நாள் அலுத்துவிட்டது. அப்போதுதான் கல்லூரி டபுள்ஸ் பார்ட்னரின் ஞாபகம் வந்தது. அந்த நண்பர் மாமல்லபுரம் பக்கத்தில், ஈ.சி.ஆரில் ஒரு விடுதியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். விடுதிக்குள் ஒரு டென்னிஸ் கோர்ட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் விருந்தினர்கள் எழுந்து வருவதற்குள் ஆடிக்கொள்ளலாம். "வாடா மச்சான், ஆள் இல்லாம சும்மா கிடக்குது" என்றார் நண்பர். பொங்கலுக்கு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவதோடு முடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், வாராவாரம் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் மலைக்கு முன்பெல்லாம் மதியத்தில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் போகும். பல வருடமாக வருவதில்லை. இருந்தாலும் அந்த வழியாகப் போகிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். பின் சீட்டில் பழைய ராக்கெட்டை வைத்துக்கொண்டு போனவரின் மனசும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

அந்த ராக்கெட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. கல்லூரி நாட்களில் அவருக்கு பீட் சாம்ப்ராஸ் பைத்தியம். சாம்ப்ராஸ் கையில் இருந்தது வில்சன் புரோ ஸ்டாஃப், தலை 85 சதுர அங்குலம். அதுதான் வேண்டும் என்று வீட்டில் அடம் பிடித்தார். ரயில்வேயில் இருந்த அப்பா பி.எஃப். கடன் போட்டு வாங்கிக் கொடுத்தார். அப்பா இப்போது இல்லை.

முதல் ஞாயிறு, மூன்றாவது பந்திலேயே நரம்பு அறுந்தது. அத்தனை வருடம் பரணில் வெயிலுக்கும் மழைக்கும் கிடந்த நரம்பு வேறென்ன செய்யும்? சென்னைக்குப் போய்ப் புது நரம்பு போட்டு வந்தார். அதற்கப்புறம்தான் உண்மை தெரிந்தது. நரம்போடு சேர்த்து 350 கிராமுக்கு மேல் கனம். கை போய்ச் சேருவதற்குள் பந்து தாண்டிவிடுகிறது. போய்ச் சேர்ந்தாலும் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டு, ராக்கெட் கைக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. 85 சதுர அங்குலத்தில் நடுவைக் கண்டுபிடிக்க சாம்ப்ராஸ் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தவர். வாரம் ஒரு நாள் ஆடுகிறவருக்கு அது சின்ன இலக்கு.

நண்பர் சொன்னார்: "டேய், இத வீட்ல மாட்டி வெச்சிடு. ஆடறதுக்கு வேற வாங்கு."

மனசு கேட்கவில்லை. அப்பா கடன் போட்டு வாங்கியது ஆயிற்றே. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் படிக்கிற மகள்தான் பட்டென்று சொன்னாள்: "அப்பா, அது சங்க் காஸ்ட்ப்பா."

காமர்ஸ் படிக்காதவர்களுக்காக: சங்க் காஸ்ட் என்றால் மூழ்கிய செலவு. ஏற்கெனவே செலவாகி, இனி எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராத பணம். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது பாடம். பரீட்சையில் எழுதுவது சுலபம். அப்பா கொடுத்த பொருளை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், தெரியும்.

இந்தத் தப்பைச் செய்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. 11 கிராண்ட்ஸ்லாம் ஜெயித்த பியான் போர்க், 26 வயதிலேயே ஓய்வு பெற்றவர், 1991-ல் மான்டி கார்லோவில் திரும்பி ஆட வந்தார். அதற்குள் உலகமே கிராஃபைட்டுக்கு மாறியிருந்தது. போர்க் கொண்டுவந்தது பழைய மாதிரி மர ராக்கெட். ஜோர்டி அர்ரேசேவிடம் 2-6, 3-6 என்று தோற்றார். பிறகு கிராஃபைட்டுக்கு மாறியும் அந்த மறுவருகையில் டூரில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. ராக்கெட்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது, பாருங்கள்.

சரி, புதுசு வாங்குவது என்று முடிவானது. உள்ளூரில் டென்னிஸ் சாமான் கேட்டால் டென்னிஸ் பால் எடுத்துக் காட்டுகிறார்கள். கிரிக்கெட் ஆடத்தான். நம் ஊரில் அந்தப் பந்து அதிகம் பார்ப்பது கிரிக்கெட் பேட்டை. இன்னொரு கடையில் பால் பேட்மின்டன் பேட் இருந்தது. தஞ்சாவூரில் பிறந்த நல்ல ஆட்டம், ஆனால் கேட்டது அது இல்லையே! கடைசியில் சென்னையில் ஒரு கடைக்குப் போனார்.

"சார், இதப் பாருங்க. வெயிட் கம்மி, பவர் ஜாஸ்தி. உங்க வயசுக்கு இதான்."

260 கிராம், 105 சதுர அங்குலம், கையில் எடுத்தால் விசிறி மாதிரி இருக்கிறது. "பெரிய தலையெல்லாம் வயசானவங்களுக்கு" என்று அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். அந்தக் கூச்சம் தேவையே இல்லை. பெரிய தலை ராக்கெட்டுக்கு 1976-ல் காப்புரிமை வாங்கிய ஹோவர்ட் ஹெட், பனிச்சறுக்குக் கட்டை செய்து பணம் சம்பாதித்து, வயதான பிறகு டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போய்த் திணறியவர். ஓரத்தில் பட்டால் ராக்கெட் முறுக்கிக்கொள்கிறதே என்ற எரிச்சலில்தான் தலையை அகலமாக்கினார். அகலமானால் முறுக்குவது குறையும், அவ்வளவுதான் விஷயம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். 1978-ல் 16 வயது பாம் ஷ்ரைவர் அதே மாதிரி ராக்கெட்டோடு யு.எஸ். ஓப்பன் ஃபைனல் வரை போனதும் சிரிப்பு அடங்கியது. ஆக, பெரிய தலை என்பதே வாரக்கடைசி ஆட்டக்காரருக்காக வாரக்கடைசி ஆட்டக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது.

தப்பு தலையில் இல்லை. மற்ற மூன்று விஷயங்களில் இருந்தது.

முதலாவது, கனம் ரொம்பக் குறைவு. பந்து மோதும்போது வருகிற அதிர்ச்சியைக் கனமான ராக்கெட் ஓரளவு தானே வாங்கிக்கொள்ளும். லேசான ராக்கெட் அதைக் கைக்கு அனுப்பிவிடும். இரண்டாவது, சட்டம் ரொம்ப விறைப்பு. வளைந்து கொடுக்காத சட்டம் பந்துக்கு வேகம் தரும், முழங்கைக்கு வேதனையும் தரும். மூன்றாவது, நரம்பு. "அறுந்தா திரும்பத் திரும்பச் செலவு சார்" என்று கடையில் பாலியஸ்டர் நரம்பை இறுக்கமாக, 58 பவுண்டில் போட்டுக் கொடுத்தார்கள். 1997-ல் குஸ்தாவோ கூர்டன் பிரெஞ்சு ஓப்பனை ஜெயித்தது பாலியஸ்டர் நரம்பில்தான், அதற்கப்புறம்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அது வேகமாகச் சுழற்றி அடிக்கிற இளம் கைகளுக்கானது. சீக்கிரமே உயிர் போய்விடும், அறுகிறவரை காத்திருக்கவும் கூடாது.

ஆறாவது வாரம் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. எட்டாவது வாரம் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. ஸ்கூட்டர் சாவியைத் திருப்ப முடியவில்லை. வங்கியில் கையெழுத்துப் போட்டுப் போட்டு மாலையில் விரல் நடுங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு 'டென்னிஸ் எல்போ' என்றார்.

அந்தப் பெயரை நம் ஊரில் எல்லோருக்கும் தெரிய வைத்தவர் ஒரு கிரிக்கெட்காரர். 2004-ல் சச்சினுக்கு வந்தது, 2005-ல் ஆபரேஷன் வரை போனது. சச்சினின் பேட் கனமானது என்பது ஊரறிந்த விஷயம். முன்னங்கைத் தசைகள் முழங்கை எலும்பில் ஒட்டுகிற இடத்தில் உள்ள தசைநார் திரும்பத் திரும்ப இழுபட்டு நைந்துபோவதுதான் இந்த வலி. டென்னிஸே ஆடாத தச்சர்களுக்கும் பெயின்டர்களுக்கும் சமையல்காரர்களுக்கும்கூட வரும்.

அடுத்த நாலு ஞாயிறு அவர் போகவில்லை. நண்பர் போன் செய்தால் 'ஆபீஸ் வேலை' என்று சொன்னார். ராக்கெட்டைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, கையில் இருந்து என்ன நழுவப் பார்க்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. சர்க்கரை ஒரு பக்கம். 27 வருடம் கழித்துக் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பக்கம்.

ஐந்தாவது ஞாயிறு நண்பரே சொன்னார்: "ஆட வேணாம்டா. வந்து சும்மா உட்காரு."

போய் உட்கார்ந்தார். கையைப் பார்த்த நண்பர் முதலில் ராக்கெட்டைப் பிடிக்கச் சொன்னார். விரல்களைச் சுற்றிப் பிடித்தபின் மோதிர விரலின் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை. பிடி ஒரு அளவு சின்னது. பிடி சின்னதாக இருந்தால் வழுக்கிவிடும் என்று கை தானாக இறுக்கும். அதிலும் கடற்கரைக் காற்றில் காலை ஏழு மணிக்கே உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். வியர்வையில் வழுக்க வழுக்க இன்னும் இறுக்கிப் பிடிப்பார். அந்த இறுக்கம் எல்லாம் நேராக முழங்கைக்குத்தான் போகும்.

வலி குறைகிறவரை டாக்டர் சொன்ன முன்னங்கைப் பயிற்சிகளை மட்டும் செய்தார். பிறகு வாங்கவில்லை, கடன் கேட்டார். நண்பரின் பையில் இரண்டு ராக்கெட், விடுதி கோச்சிடம் இரண்டு. ஞாயிறுக்கு ஒன்று என்று நாலு வாரம் ஆடிப் பார்த்தார். நோட்டில் எழுதியும் வைத்தார், வங்கிக்காரர் அல்லவா? எதில் பந்து உள்ளே விழுந்தது என்று எழுதவில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை டம்ளரைத் தூக்கும்போது எப்படி இருந்தது என்று மட்டும் எழுதினார்.

கடைசியில் வாங்கியது இது: நரம்பில்லாமல் 300 கிராம், 100 சதுர அங்குலம், கனம் பிடிப்பக்கம் சாய்ந்தது, சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுப்பது. நரம்பு மல்டிஃபிலமென்ட், அதாவது மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த மிருதுவான வகை, 50 பவுண்டில். பிடி ஒரு அளவு பெரிது. மேலே சுற்றுகிற கிரிப்பை வழுக்க ஆரம்பித்த உடனே மாற்றிவிடுகிறார். மாட்டுக்குடலில் செய்கிற நரம்பு கைக்கு இன்னும் இதமானது, ஆனால் ஈரம் ஆகாது, விலையும் எக்கச்சக்கம். கடலோரத்தில் ஆடுகிறவருக்கு அது சரிப்படாது. இன்னொரு கணக்கும் கற்றுக்கொண்டார்: வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருடத்தில் அத்தனை முறையாவது நரம்பு மாற்ற வேண்டும். சட்டம் ஒருமுறைச் செலவு, நரம்பு தொடர்செலவு. கடைக்குப் போகும்போது நாம் முதலாவதை மட்டுமே பார்க்கிறோம்.

இப்போது முன்பு மாதிரி அடிக்கிறாரா என்றால், இல்லை. பவர் கம்மிதான். ஆனால் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸுக்கும் பெரிய வேகம் கிடையாது. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போது உலக நம்பர் ஒன்னாக இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தது அந்த மெதுவான சர்வீஸோடுதான். நம்மவருக்கு அந்தக் கை கிடையாது என்பது வேறு விஷயம் :-)

பழைய ராக்கெட் பரணுக்குத் திரும்பிப் போகவில்லை. ஹாலில் அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ராக்கெட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஒரு காலத்தில் ஆடிய கைக்கு வாங்காதீர்கள், கடைக்காரர் கற்பனை செய்கிற கைக்கும் வாங்காதீர்கள். நாலு பேரிடம் கடன் வாங்கி ஆடிப் பாருங்கள். மறுநாள் காலை காபி டம்ளரைத் தூக்கிப் பாருங்கள். வலிக்காமல் தூக்க முடிந்தால் அதுதான் உங்கள் ராக்கெட்.