குரல் கேட்காத பாட்டுப் பத்திரிகை

பாட்டைக் காதால் கேட்கலாம். காகிதத்தில் அதை எப்படி விற்பது? இசைப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு எப்போதும் இருக்கும் சிக்கல் இது. சமையல் பத்திரிகை என்றால் அட்டையில் பலகாரத்தைப் போட்டுவிடலாம், பார்த்ததும் நாக்கில் நீர் ஊறும். பாட்டுக்கு அப்படி எதைப் போடுவது? இந்தக் கேள்விக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 1960களில் கண்ட விடையை, எங்கள் புதுச்சேரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பா பிரெஞ்சு இராணுவத்தில் சொல்தா. தெற்குப் பிரான்சில் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு முறை கப்பல் தபாலில் பார்சல் வரும். சோப்பு, சென்ட் பாட்டில், அப்பாவுக்கு ஷேவிங் பிளேடு. பாட்டில் உடையாமல் இருக்கச் சுற்றிலும் பழைய பத்திரிகைகளைத் திணித்து அனுப்புவார். எனக்கும் அக்காவுக்கும் சோப்பைவிட அந்தக் காகிதங்கள்தான் பெரிது. அவற்றில் அதிகம் வந்தது ‘சலூ லே கொப்பேன்’. தமிழில் சொன்னால் ‘என்னப்பா நண்பர்களே’ என்பதுபோல் ஒரு கூப்பாடு.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே ஆசிரியரிடம் ‘சலூ’ என்று சொன்னால் வெளியே நிற்க வேண்டியதுதான். பெரியவர்களுக்கு ‘போன்ழூர்’, கூடவே ‘மொஸ்யே’. ‘சலூ’ என்பது தோளில் கைபோட்டுப் பேசுகிற சிநேகிதனுக்கு மட்டும். அப்படிப்பட்ட வார்த்தையை ஒரு பத்திரிகை தன் பெயராகவே நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தது. நீங்கள், வாங்க என்ற மரியாதை எல்லாம் கிடையாது, நேராக ‘வாடா’தான். அட்டை வாசகனைப் பிடிக்கிற வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது பிற்பாடு யோசித்தபோது புரிந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையை அதுவரை எந்தப் பத்திரிகையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959இல் ஐரோப் 1 வானொலியில் அதே பெயரில் ஒரு பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. நடத்தியவர் தனியேல் ஃபிலிபாக்கி. அவர் முன்பு ‘பாரி மாட்ச்’ பத்திரிகையின் புகைப்படக்காரர். 1962இல் நிகழ்ச்சியைப் பத்திரிகையாகவும் ஆக்கினார். முதல் இதழ் அட்டையில் ஜானி ஹாலிடே. முதல் ஆண்டு நிறைவுக்கு 1963 ஜூன் 22 அன்று பாரீசில் நாசியோன் சதுக்கத்தில் இலவசக் கச்சேரி வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேலான இளைஞர்கள் திரண்டுவிட்டார்கள். மறுநாள் பெரியவர்கள் எல்லாம் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

படங்களை எடுத்தவர் ழான்-மரி பெரியே. பாடகர் மைக் முன்னால் வாயைத் திறந்து நிற்கும் படம் எவருக்கும் கிடைக்கும். பெரியே அவர்களைத் தனியாக அழைத்துப்போய், சூழலைத் தானே அமைத்து எடுப்பார். 1966இல் அந்தக் காலத்துப் பாட்டுக்காரர்கள் 46 பேரை ஒரே இடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். பள்ளிக்கூடக் குழுப் படம் மாதிரி இருக்கும். பிரான்சில் அதை ‘நூற்றாண்டின் படம்’ என்றே சொல்கிறார்கள்.

எங்கள் நிலைமை வேடிக்கையானது. வீட்டில் கிராமபோன் கிடையாது. பாரீஸ் வானொலிப் பாட்டு இங்கே எட்டாது. ஜானி ஹாலிடே, சில்வி வர்த்தான், ஃபிரான்சுவாஸ் ஆர்தி எல்லாருடைய முகமும் மனப்பாடம். குரல் மட்டும் தெரியாது. தமிழ்ப் பாட்டில் இதற்கு நேர் எதிர். டி.எம்.எஸ்., சுசீலாவின் குரல் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முகம்? கொட்டகை வாசலில் வாங்கும் பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் இருப்பது நாயகனும் நாயகியும். உள்ளே கதைச் சுருக்கம், கடைசியில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. பாடியவர் பெயர் உள்ளே சிறு எழுத்தில் இருந்தால் உண்டு. நமக்குப் பாட்டு படத்தின் சொத்து. அவர்களுக்கோ பாடுகிறவரின் சொத்து. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்.

அட்டையில் முகம் பெரிதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. கடையில் பத்திரிகைகளை ஒன்றின்மேல் ஒன்று சரித்து அடுக்குவார்கள். மேல்பாகம்தான் வெளியே தெரியும். அதனால் பெயர் உச்சியில், அதற்குக் கீழே கண்கள். வழியே போகிறவனை அந்தக் கண்கள் பார்க்க வேண்டும். நாம் பார்ப்பதற்கு முன் படம் நம்மைப் பார்த்துவிட்டது என்ற எண்ணம் வந்தால் கால் நின்றுவிடும். பத்திரிகைக்குப் பேர் வந்த பிறகு இன்னொரு துணிச்சலும் வரும். பாடகரின் தலை பெயரிலேயே இரண்டு எழுத்தை மறைத்தபடி நிற்கும். மறைந்த எழுத்தை வாசகன் தானே நிரப்பிக்கொள்வான். தெரிந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை எதற்கு?

எழுத்தராக 35 வருஷம் வேலை பார்த்த எனக்கு இன்னொன்றும் தெரியும். எங்கள் அலுவலகத்தில் விரைந்து பார்க்க வேண்டிய கோப்பில் ‘அவசரம்’ என்று சிவப்புச் சீட்டு செருகுவோம். முதலில் நன்றாக வேலை செய்தது. போகப்போக எல்லாரும் எல்லாக் கோப்பிலும் செருகினார்கள். கடைசியில் மேசையில் சீட்டு இல்லாத கோப்பு ஒன்று வந்தால், அதிகாரி அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார். அட்டையில் பத்துத் தலைப்பு, எட்டு நிறம், நாலு ஆச்சரியக்குறி போடுகிறவர்களைப் பார்க்கும்போது இதுதான் ஞாபகம் வரும்.

சீட்டு இல்லாத கோப்புக்கு நல்ல உதாரணம் அமெரிக்க ‘ரோலிங் ஸ்டோன்’. ஆரோவில் வந்தபின் வெளிநாட்டு இளைஞர்கள் விட்டுப்போன பத்திரிகைகள் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், நடைபாதையில் கிடைக்கும். அப்படித்தான் அந்தப் பத்திரிகை எனக்குப் பழக்கம். 1967 நவம்பரில் வந்த அதன் முதல் இதழில் ஜான் லெனனின் படம். கையில் கிதார் இல்லை. தலையில் சிப்பாய்த் தொப்பி, வட்டக் கண்ணாடி. ஒரு சினிமாவில் அவர் நடித்த காட்சி அது. ‘பாடகன் எதற்கு இந்த வேஷத்தில்?’ என்ற கேள்வியே ஆளைப் பிடித்து நிறுத்தும். 1981 ஜனவரி 22 இதழிலும் லெனன்தான். ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம்; உடையில்லாமல் மனைவி யோகோ ஓனோவைக் குழந்தைபோல் கட்டிக்கொண்டிருக்கிறார். அதை எடுத்த அன்று இரவே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் பத்திரிகையின் பெயரைத் தவிர ஒரு தலைப்பும் இல்லை. அங்கே என்ன எழுதியிருந்தாலும் கெட்டுப்போயிருக்கும்.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஒரு பார்சலில் ஃபிரான்சுவாஸ் ஆர்தியின் அட்டை வந்தது. நீண்ட முகம், நெற்றியில் விழும் முடி. பெரிய அலங்காரம் எதுவும் இல்லை. 18 வயதில் தானே பாட்டு எழுதி, தானே பாடிப் பேர் வாங்கியவள் என்று உள்ளே போட்டிருந்தது. அக்கா அதை இரண்டு தடவை எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு அட்டையைக் கத்தரித்துத் தன் டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கம் கோந்து போட்டு ஒட்டினாள். பெட்டியைத் திறக்கும்போது மட்டும் தெரியும்.

ஒரு மாதம் யோசித்துவிட்டு அப்பாவிடம் கேட்டாள்: “அப்பா, எனக்கு ஒரு கிதார் வாங்கித் தருவீங்களா?” அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கிதாரை வச்சிக்கிட்டு என்னம்மா பண்ணப் போற?” என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. பேச்சு அதோடு முடிந்தது. அப்பா கெட்டவர் இல்லை. கிதார் வாசிக்கிற பெண் அவர் பார்த்த உலகத்தில் இல்லை, அவ்வளவுதான். அக்கா பார்த்திருந்தாள், பெட்டி மூடியில்.

1965 வாக்கில் எங்கள் தெருச் சொல்தா ஒருவர் விடுமுறையில் வந்தபோது ஒரு ‘தெப்பாஸ்’ கொண்டுவந்தார். சூட்கேஸ் மாதிரி தூக்கிப்போகிற ரெக்கார்டு பெட்டி. அதில்தான் ஆர்தியின் குரலை முதன்முதலாகக் கேட்டோம். மெல்லிய குரல். கத்தல் இல்லை, குலுக்கல் இல்லை. தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. அடுத்து ஜானி ஹாலிடே, கூரை பறக்கிற மாதிரி. வீடு திரும்பும்போது அக்கா, “படத்துல இருந்த குரல்தான்டா” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. நல்ல அட்டை எது என்று யாராவது கேட்டால் அந்த வார்த்தையைத்தான் சொல்வேன். வெறுமனே கண்ணை இழுப்பது பெரிய காரியமில்லை. கேட்கப்போகும் குரலைப் பொய் சொல்லாமல் கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

அக்காவுக்குக் கல்யாணமாகிக் காரைக்கால் போனாள். பெட்டியும் கூடவே போனது. பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். வகுப்பில் பாட்டு வைத்துத்தான் பாடம் நடத்துவாளாம். கிதார் வாங்கிக்கொள்ளவே இல்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

2024 ஜூனில் ஆர்தி காலமானார், 80 வயது. செய்தி பார்த்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் படத்துல அவ சிரிக்கவே இல்லை, கவனிச்சியாடா?” என்றாள். “மத்த அட்டையில எல்லாம் பொண்ணுங்க சிரிச்சிக்கிட்டே இருப்பாங்க. சிரிச்சாத்தான் அட்டையில போடுவாங்கன்னு நினைச்சிருந்தேன். இவ சிரிக்காம பார்த்தா. அதான் வெட்டி எடுத்தேன்.”

அறுபது வருஷமாக நான் கவனிக்காத விஷயம் அது. அட்டை வடிவமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கடைக்காரன் எதை முன்னால் வைத்தான், நிறம் என்ன, எழுத்து என்ன என்று. எங்கோ கடல் தாண்டி, சோப்புக்கட்டிக்குப் பக்கத்தில் கசங்கி வந்த அட்டையில் ஒரு பெண் தனக்கு வேண்டியதைத் தானே கண்டுகொள்வாள் என்று பெரியேவோ ஃபிலிபாக்கியோ நினைத்திருக்க முடியாது.

இப்போது பேரப்பிள்ளைகள் போனில் பாட்டு கேட்கிறார்கள். அதற்கும் அட்டை உண்டு, தபால்தலை அளவில். விரலால் தள்ளினால் போய்விடும். குறை சொல்லவில்லை, அந்தச் சின்னச் சதுரத்தையும் யாரோ ஒருவர் யோசித்துத்தான் செய்கிறார். வீட்டில் பிள்ளைகள் அப்படி ஒரு படத்தில் விரலை நிறுத்தினால், என்ன பாட்டு என்று கேட்பதோடு விடாதீர்கள். அந்த முகத்தில் என்ன பார்த்தாய் என்றும் கேளுங்கள்.