கொழுந்து லொறி ஏறும் பாதை

"உடப்புசல்லாவ ரோட்ட லொறிக்காரங்கதான் ஒடச்சானுங்க" என்று நுவரெலியாவில் பஸ் கிளம்பும் முன்பே பக்கத்து சீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டார். பின்சீட்டில் இருந்தவரும் தலையாட்டினார். லொறி எந்த இடத்தில் உடைத்திருக்கிறது, எந்த இடத்தில் உடைக்கவில்லை என்று பார்க்கத்தான் நான் கிளம்பியிருந்தேன். பையில் ஓர் அளவு நாடா இருந்தது.

கந்தப்பளையில் பஸ் நின்றது. ரோட்டோரம் முழுக்க லீக்ஸ் வாடை. கரட், கோவா மூட்டைகளை இரண்டு லொறிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லீக்ஸ் கழுவிய தண்ணீர் கானுக்குள் இறங்காமல் ரோட்டுக்குக் குறுக்கே ஓடியது. அது ஓடிய இடத்தில் மட்டும் தார் பெயர்ந்து சல்லி தெரிந்தது. பத்தடி தள்ளி, அதே லொறிகள் நிற்கும் இடத்தில், தார் முழுசாக இருந்தது.

அடுத்து இராகலை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இந்த ஊர் வரைக்கும் ஒரு காலத்தில் சிறிய ரயில் ஓடியது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். 1903, 1904 இல் திறந்தார்கள். தேயிலையும் உரமும் அரிசியும் அதில்தான் வந்து போயின. லொறியும் பஸ்ஸும் பெருகியதும் வருமானம் விழுந்தது. 1940களில் மூடித் தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். அன்று ரயில் சுமந்த பாரம் முழுவதும் இப்போது இந்த ரோட்டின் மேல்தான்.

உடப்புசல்லாவை டவுனுக்கு முன்னால் ஒரு வளைவில் இறங்கி நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது, ரோட்டின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லை என்பது. நுவரெலியா பக்கம் ஏறும் பாதியில் சக்கரத்தடம் பள்ளமாக அழுந்தியிருந்தது. இறங்கும் பாதி பரவாயில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்ததில் காரணம் புரிந்தது. தேயிலை ஏற்றிய லொறி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு அடியிலும் அதன் பாரம் அதிக நேரம் தங்குகிறது. வேகமாகப் போகும் பாரத்தைவிட ஊர்ந்து போகும் பாரம்தான் தாரை அதிகம் அழுத்தும்.

கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் இன்னும் மோசம். நீளமான லொறி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்ளே ஒதுங்கி விளிம்பைக் கடித்துக்கொண்டு போகும். நாடாவைப் பிடித்தேன். ஒன்றரை அடி அகலத்துக்குத் தாரே இல்லை, ஐந்து அங்குலப் பள்ளம்.

இதுவரைக்கும் பஸ்ஸில் பெரியவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த வளைவைத் தாண்டியதும் சுமார் முந்நூறு மீட்டர் நல்ல ரோடு வந்தது. ஏற்றம் குறையவில்லை, போகும் லொறிகளும் அவைதான். வெடிப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. மலைப்பக்கம் கான் ஆழமாக, தண்ணீர் சலசலத்து ஓடும்படி சுத்தமாக இருந்தது.

அடுத்த திருப்பத்தில் கான் இல்லை. இருந்த இடத்தில் சரிந்த மண், மேலே புல், இடையிடையே பிளாஸ்டிக் போத்தல். மதகு வாய் அடைபட்டு, காலையில் பெய்த மழை ரோட்டிலேயே தேங்கியிருந்தது. தார் முழுக்க முதலைத்தோல் வெடிப்பு. ஒரு லொறி அதன்மேல் ஏறியதும் வெடிப்புகளிலிருந்து காவி நிறத் தண்ணீர் பீறிட்டது. குனிந்து விரலால் தொட்டேன், மாவு போல மண். ஒவ்வொரு சக்கரமும் ரோட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. அடியில் வெற்றிடம் விழுந்த பிறகு மேலே எத்தனை தடவை தார் ஊற்றினாலும் உள்ளே போகும்.

பாரத்தின் கணக்கை யாரும் மறுக்க முடியாது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் சோதனை ரோடுகள் போட்டு, லொறிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று தெரிந்தது. 800 கிலோ தாங்கும் கார் அச்சுக்கும் 8 டன் தாங்கும் லொறி அச்சுக்கும் வித்தியாசம் சுமார் பத்தாயிரம் மடங்கு. ஆனாலும் காய்ந்த மண் தாங்குகிற பாரத்தை ஊறிய மண் தாங்காது. அந்த முந்நூறு மீட்டர் அதைத்தான் காட்டியது.

டவுனில் பிளேன்டீ குடித்தேன். கடையில் இருந்த டிரைவர் ஒருவர், "பெரிய ரோட்டப் பாத்துட்டீங்க, தோட்டத்து ரோட்டப் பாருங்கண்ணே" என்று கையைக் காட்டினார். ஒன்றரைக் கிலோமீட்டர் ஏறினேன். கல் பதித்த பழைய பாதை. கற்கள் பாதி கிளம்பிக் கிடந்தன. கொழுந்து லொறி குலுங்கி வந்தது, சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிக்கொண்டு. நசுங்கிய கொழுந்து ஆலைக்குப் போய்ச் சேரும் முன்பே சூடேறிச் சிவக்கத் தொடங்கும். ஊவா பக்கத்து வறண்ட காற்று வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரையில்தான் உடப்புசல்லாவைத் தேயிலைக்குப் பேர்போன வாசனை வரும். அந்தக் கொழுந்தும் இந்தக் குழிகளில் குலுங்கித்தான் வர வேண்டும்.

ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பெரிய ரோட்டில் ஒரு டன் தேயிலை வெளியேறினால், தோட்டத்து ரோட்டில் அதற்கு முன்பே நாலரை டன் கொழுந்து வந்திருக்கிறது. கூடவே விறகு, உரம். அதிகப் பாரம் சுமப்பது ஆள் கவனிக்காத பாதைதான்.

லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவிடம், "இங்க கான் இருந்துச்சாங்கய்யா?" என்றேன்.

"கான் வெட்டுக்குன்னே தனியா ஆள் விடுவாங்க தம்பி. நானே வெட்டியிருக்கேன். இப்ப கொழுந்து எடுக்கவே ஆளு இல்ல, கான யாரு வெட்டுறது?"

அவர் காட்டிய இடத்தில் செடிகளை விலக்கினேன். கல் கட்டிய பழைய கான், முழங்கால் ஆழம், மண்ணால் நிறைந்து அப்படியே இருந்தது.

தோட்டங்களை 1992 இல் கம்பனிகளிடம் ஒப்படைத்தார்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில், தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவு செய்ய வழியில்லாமல் இருந்தது. 2018 இல் திருத்தம் வந்தது. ஆகவே, சட்டம் விடாது என்ற பதில் இனிச் செல்லாது. கல்லும் தாரும் வாங்கக் காசு சேரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வடகீழ்ப் பருவமழை இறங்கும் முன்னால், மண்வெட்டியோடு நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்து இந்தப் பழைய கானைத் தோண்டி, கீழே அந்தத் திருப்பத்தில் அடைபட்ட மதகைத் திறந்துவிட வேண்டும்.