எஞ்சினைத் தூக்கலாம், எங்கே இறக்குவது?

தேக்கா சந்தையில் மல்லிகையும் கறிவேப்பிலையும் மணக்கும். அங்கிருந்து கிளம்பி, முஸ்தபாவைத் தாண்டி, சையது ஆல்வி சாலையில் இன்னும் கொஞ்சம் நடந்தால் ஜாலான் புசார். வாசம் மாறிவிடும்: கிரீஸ், ரப்பர், புது இரும்பு. லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிட வரும் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பொருத்தமான போல்ட் கிடைக்காமல் அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நான் போனது நண்பருக்குத் துணையாக. அவருடைய அப்பா பல ஆண்டு ஓட்டிய கார் இப்போது புகை கக்குகிறது, எண்ணெய் குடிக்கிறது. சிஓஇ முடிய இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. "கொடுத்துவிடு" என்கிறது குடும்பம். "எஞ்சினை நானே இறக்கிப் பார்க்கிறேன்" என்கிறார் மகன். அதற்கு ஒரு எஞ்சின் கிரேன் வேண்டும். ஊரில் சிறு பட்டறைகளில் மூன்று கம்பத்தை முக்காலியாக நிறுத்தி, செயின் பிளாக்கை மாட்டி இழுப்பார்களே, அதே வேலைதான். இது சக்கரம் வைத்தது, ஹைட்ராலிக் ஜாக்கியில் இயங்குவது.

"2 டன்" என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கை குட்டையாக இருக்கும்போதுதான் அந்தக் கணக்கு. முழுக்க நீட்டினால் பல மாடல்களில் அரை டன்தான் தாங்கும். சாதாரண நான்கு சிலிண்டர் எஞ்சின் 100 முதல் 150 கிலோ வரை இருக்கும், கியர்பாக்ஸோடு சேர்த்தால் இன்னும் கூடும். ஆக, பலம் போதும். கிரேனின் கால்கள் காருக்கு அடியில் நுழையுமா, தரை சமமாக இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. எஞ்சின் தொங்கும்போது அதன் கீழே கையைக்கூட நீட்டக் கூடாது. கிரேனைத் தள்ளிப்போகும் முன் எஞ்சினை முடிந்தவரை தாழ்த்திவிட வேண்டும்.

இதையெல்லாம் பொறுமையாகச் சொன்ன கடைக்கார அங்கிள், விலையைச் சொல்லும் முன் ஒன்று கேட்டார்: "வீவக வீடா, தரை வீடா?"

வீவக என்றார் நண்பர். அங்கிள் சிரித்தார்.

இந்த ஊரில் பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் வீவக வீட்டில்தான் இருக்கிறோம். கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட அனுமதி இல்லை. மடக்கி வீட்டு வாசலில் வைக்கலாம் என்றால், தாழ்வாரத்தில் ஆள் தப்பிச் செல்ல 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். படுக்கையறையில் வைத்துக்கொள்ளலாம்தான், மனைவி சம்மதித்தால்!

வாடகை? அதிலும் ஒரு சிக்கல். எஞ்சினை இறக்குவது ஒரு நாள். உதிரிபாகம் வந்து, பழுது பார்த்து மறுபடி ஏற்றுவது சில வாரம் கழித்து. இரண்டு முறை வாடகை, இரண்டு முறை லாரிச் செலவு. தரை வீடு இருந்து, நான்கைந்து நண்பர்கள் பங்கு போட்டால் வாங்குவதே மேல். ஒரே ஒரு எஞ்சினுக்கு வாங்குவது வீண் என்பேன்.

அங்கிருந்து டிர்விட் சாலைக்குப் போய்க் காப்பி குடித்தோம். 'சாய் செங் ஹுவாட் ஹார்டுவேர்' என்று பெயர்ப்பலகை. உள்ளே ஒரு ஸ்குரூகூடக் கிடைக்காது. பழைய வன்பொருள் கடை இருந்த கட்டடத்தில் 2012ல் தொடங்கிய காப்பிக்கடை அது. பக்கத்திலேயே சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையும் இருந்தது. 1930களிலிருந்து நடந்த அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். கையால் பழுது பார்ப்பவர்களுக்கான இடம் இப்படித்தான் சுருங்கிக்கொண்டே வருகிறது.

காப்பி முடிவதற்குள் நண்பர் கணக்குப் போட்டுவிட்டார். மூன்று ஆண்டு கழித்து சிஓஇயைப் புதுப்பிக்க, முந்தைய மூன்று மாதச் சராசரி விலையைக் கட்ட வேண்டும். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதோடு சரி, மறுபடி நீட்டிக்க முடியாது. எஞ்சினையே மாற்றுவதானால் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் போக வேண்டும், எஞ்சின் எண் பதிவில் இருக்கிறது. கணக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் காரைக் கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்த வாரம் சின் மிங் வட்டாரத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். தானும் கூட நின்று போல்ட்டுகளைக் கழற்றலாமா என்று நண்பர் கேட்டார். பட்டறைக்காரர் யோசித்தார். "கழற்று தம்பி. ஆனால் தூக்கும்போது ஜாக்கி என் கையில்தான்" என்றார். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எஞ்சின் இறங்குகிறது. ஏழு மணிக்கே தயாராக இருப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்.